யாரையும் சாராத பேசும் மெஷின்

சென்ற ஆண்டு தேர்வு நாளன்று எல்லாக் கேள்விகளும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அன்றிலிருந்து உரிமத் தேர்வு வாரியத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை.

நடந்தது இதுதான். வாரியத்தின் கணினிகள் எல்லாம் லினக்ஸில் ஓடுபவை. எழுத்துகளைத் திரையில் வரைவதற்கென்று அவற்றில் ஒரு பொது லைப்ரரி இருந்தது. எந்த நிரலுக்கு எழுத்து வேண்டுமோ அது இதனிடம் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளும். யாரோ புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று அதில் கை வைத்தார்கள். மறுநாள் காலை தேர்வெழுத வந்தவர்கள் திரையைப் பார்த்தால், எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒருவர் அதைக் குறுக்கெழுத்துப் போட்டி என்று நினைத்து நிரப்பிவிட்டு எழுந்து போனார். அவர் தேர்ச்சி பெற்றார் என்று ஊரில் பேச்சு. வாரியம் இன்றுவரை அதை மறுக்கவில்லை.

விசாரணையைப் பாதுகாப்பு அதிகாரி நடத்தினார். அலமாரி, உறை, குப்பைத்தொட்டி, ஒருமுறை பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் அரக்கு உருக்கி முத்திரை வைப்பவர் என்பதால் அவருக்கு அரக்கு என்றே பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும். அவர் மாதக்கணக்கில் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்களைப் பற்றி விசாரித்து, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். குற்றவாளி ஆள் இல்லை. பகிர்ந்துகொள்வது என்கிற பழக்கம்தான் குற்றவாளி.

அதன்பேரில் தற்சார்பு ஆணை பிறந்தது. அந்த ஊரில் ஜனங்கள் பேசும் மொழி வேறு, அலுவல் மொழி வேறு. ஆணை அலுவல் மொழியில் இருந்தது:

'யாதொரு நிரலும் பிறிதொரு நிரலின்பால் அமைந்த எக்கூறினையும் அவாவாது, தனக்கு வேண்டுவன அனைத்தையும் தன்னகத்தே கொண்டு, தானே தனக்குச் சான்றாய் நிற்கக் கடவது. ஐயுறவே காவலாம். காவலை ஐயுறுதல் குற்றமாம்.'

இப்படியே பக்கம் பக்கமாகப் போயிற்று. இயக்குநர் அம்மா படித்துவிட்டு, "அருமையா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். அரக்கும் அருமை என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள்.

ஆணையை மெஷினில் ஏற்றும் வேலை பிளக்கு தலையில் விழுந்தது. வாரியத்தின் ஒப்பந்தத் தொழில்நுட்பன் அவன். எந்த மெஷின் படுத்தாலும் முதலில் "பிளக்கு மாட்டியிருக்கா?" என்று கேட்பான். முக்கால்வாசி நேரம் மாட்டியிருக்காது. அப்படி வந்த பெயர்.

அவன் செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. அமைப்புக் கோப்பில் எல்லா நிரல்களுக்குமாகச் சேர்த்து 'ஸ்டாட்டிக்' என்று ஒரு வார்த்தை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர் அங்கே இருக்கிற பாயில் படுத்து அங்கே இருக்கிற வாளியில் குளித்துவிட்டு வருவது ஒரு வகை. பாய், வாளி, அடுப்பு, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு போய், "உங்க வீட்டுல எதையும் தொடமாட்டேன்" என்று நடுக்கூடத்தில் இறக்குவது இன்னொரு வகை. ஸ்டாட்டிக் என்பது இரண்டாவது வகை விருந்தாளி. அந்த ஒரு வார்த்தைக்காக வாரியத்தின் எல்லா நிரல்களும் மறுபடி அரைத்துக் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் தின்று கொழுத்து, திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற அளவுக்குப் பெருத்தது.

"இப்பத்தான் ஒவ்வொண்ணும் சொந்தக் கால்ல நிக்குது" என்றார் இயக்குநர் அம்மா.

நின்றதே தவிர நடக்கவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

பிளக்குவுக்குச் சிக்கல் தொடங்கியது, பார்வையில்லாத ஒரு விண்ணப்பதாரருக்குப் பேசும் மெஷின் தயார் செய்யச் சொல்லி உத்தரவு வந்தபோது. கேள்வியை மெஷின் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவர் ஹெட்ஃபோனில் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். சட்டப்படி உள்ள வசதிதான். பேசும் நிரலை நிறுவச் சொல்லிக் கட்டளை கொடுத்தான். நிரல்களை மெஷினில் ஏற்றித் தரும் 'நிறுவி' என்கிற நிரல் மறுத்துவிட்டது. சிவப்பில் ஒரு புலம்பல். பேசும் நிரல் ஸ்டாட்டிக்காக இருக்க வேண்டுமானால், ஒலி லைப்ரரியும் ஸ்டாட்டிக்காக அதன் வயிற்றுக்குள் போக வேண்டுமாம். தேர்வு நிரலோ, ஒலி லைப்ரரி ஸ்டாட்டிக்காக இருக்கவே கூடாது, வெளியே பொதுவாக இருந்தால்தான் ஹெட்ஃபோனைக் கண்டுபிடிக்க முடியும் என்கிறதாம். இரண்டும் ஒரே மெஷினில் குடியிருக்க முடியாது.

அந்த விண்ணப்பதாரர் அவன் மனைவி.

அவள் முன்பு நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள். கண் நோய் வந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. விரல்கள் மறக்கவில்லை, அலுவல் மொழியும் மறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் உரிமம் கிடைத்தால் காதை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்று படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. சளி பிடித்தவன்போலப் பேசும் அதற்கு அவள் மூக்கடைப்பு என்று பெயர் வைத்திருந்தாள். அதை வாரியத்துக்குள் விடமாட்டார்கள். அடுத்த பிறந்தநாள் வந்தால் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்தத் தேர்வை விட்டால் வேறு தேர்வில்லை. கட்டம் கட்டமான அந்த ஆண்டுக்குப் பிறகு ஜனங்கள் பயந்துபோய் விலகிவிட்டதால், இந்த முறை அந்த உரிமத்துக்கு விண்ணப்பித்தவளும் அவள் ஒருத்திதான்.

"என்னங்க, உங்க மெஷின் பேசுதா?" என்றாள் அவன் செருப்பைக் கழற்றும்போதே.

"பேசாது போலிருக்கு."

"உங்க ஆபீஸ்ல மனுஷங்களே பேசறதில்லை. மெஷின் எங்க பேசும்?"

அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் மூக்கடைப்பின் வாயை அடைத்துவிட்டுக் கேட்டாள்.

"சரி, இதுல யார் மேல தப்பு?"

"யார் மேலயும் இல்ல. பொதுவா எல்லாத்துக்கும் ஸ்டாட்டிக்னு நாமதானே எழுதி வச்சோம். அதான் ரெண்டும் முட்டிக்குது. பேசற நிரலுக்கு மட்டும் அது வேணாம்னு ஒரு வரி எழுதினா தீர்ந்துது."

"எழுதிட வேண்டியதுதானே?"

"கேக்கணும்."

"யாரை?"

"அரக்கை."

"விளங்கினாப்லதான்" என்றாள். "பாத்துங்க, உங்க வாய்க்கும் முத்திரை வச்சு அனுப்பிடப் போறாரு."

மறுநாள் அரக்கின் அறைக்குப் போனான். உள்ளே சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி, அதைப் பார்த்தபடி அவர் நாற்காலி. வந்தவர் சுவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத் தைரியம் வந்துவிடும் என்பது அவர் கொள்கை.

"ஒரு வரியா?" என்றார் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"ஆமா சார்."

"ஒரே ஒரு வரி?"

"அவ்ளோதான் சார்."

"அவ்ளோ சின்னதா இருந்தா அதுல ஏதோ இருக்கு. பெரிய தப்பைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை, அது தானா வந்து நிக்கும். இந்த ஒரு வரி, ஒரு நிமிஷம், ஒரு சின்ன உதவி... இதுங்கதான் ஆளைக் கவுக்கும். இதைக் கொஞ்சம் பெருசா எழுதிக் கொண்டாங்க."

பிளக்கு அந்த ஒரு வரிக்கு முன்னுரை, நோக்கம், பயன்கள், முடிவுரை எல்லாம் சேர்த்து ஒரு கட்டாக எழுதிக்கொண்டு போனான். அரக்கு அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இவ்ளோ நீளமா எழுதறவன் எதையோ மறைக்கிறான்."

அதை உறையில் போட்டு முத்திரை வைத்தார். பிரித்துப் படிக்கவில்லை. விஷயம் குழுவுக்குப் போயிற்று.

குழுக் கூட்டத்தில் இயக்குநர் அம்மா மேசைத் தலைமாட்டில் இருந்தார். "நான் யாரையுமே சந்தேகப்படமாட்டேன்" என்று ஆரம்பித்தார். "அதுக்குன்னு ஒருத்தரைச் சம்பளம் கொடுத்து வச்சிருக்கேன். சொல்லுங்க சார்."

அரக்கு எழுந்தார். "நம்பிக்கைங்கறது சோம்பேறிங்களோட பழக்கம். விசாரிக்க உடம்பு வளையாதவன்தான் நம்புவான். எங்க வீட்டு நாய் தினமும் சாயங்காலம் என்னையே பார்த்துக் குரைக்குது. என் சம்சாரம் வருத்தப்படறா. நான் பெருமைப்படறேன். அந்த மாதிரி வளர்த்திருக்கேன். இவரு என்ன சொல்றாரு? ஒலி லைப்ரரி வெளியில இருக்கட்டும், எல்லாரும் வந்து எடுத்துக்கட்டும்ங்கறாரு. இன்னிக்கு ஒலி. நாளைக்கு?"

நாளைக்கு என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அதனாலேயே எல்லோரும் வேகமாகத் தலையை ஆட்டினார்கள்.

"சார், எல்லாத்துக்கும் வேணாம். இந்த ஒண்ணுக்கு மட்டும் விலக்கு" என்றான் பிளக்கு.

"ஒண்ணுக்கு மட்டும்னு ஏன் கேக்கறீங்க?" என்றார் அரக்கு. "எல்லாத்துக்கும் கேட்டிருந்தா முட்டாள்னு விட்டிருப்பேன்."

ஆனால் கூட்டத்தில் இயக்குநர் அம்மாவுக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. நிரலுக்கு நல்லதென்றால் மனிதனுக்கும் நல்லதுதானே? அந்த வாரமே ஆணை ஊழியர்களுக்கும் நீண்டது. இனி யாரும் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது. ஸ்டேப்லர், பேனா, தண்ணீர், கடிகாரம் எல்லாம் அவரவர் கொண்டுவர வேண்டும். இரண்டு மேசைக்கு நடுவே ஒரே விளக்கு இருந்த இடத்தில், வெளிச்சம் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்து, அட்டைத் தடுப்பு வைத்தார்கள். இருவருக்கும் இருட்டானது. அது நியாயமாகப் பட்டது. லிஃப்டில் ஒருவர் போகும்போது இன்னொருவர் ஏறக்கூடாது என்பதால், காலையில் வரிசை தெருவுக்கு வந்தது. மேல்மாடிக்காரர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் இருக்கையில் வந்து விழுந்தார்கள், உடனே சாப்பிடக் கிளம்பினார்கள். கணக்குப் பிரிவில் ஒருவர் பக்கத்து ஆளிடம் மணி என்ன என்று கேட்டுவிட்டார். கேட்டவருக்கு ஒரு எச்சரிக்கை, பதில் சொன்னவருக்கு இரண்டு.

பிளக்குவுக்கும் அந்த வியாதி தொற்றியது. அறைக்குள் நுழைந்ததும் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பான், போன வாரம் இது இவ்வளவு மெதுவாகவா சுற்றியது என்று யோசிப்பான். மாடிப்படியில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். சிரிக்காமல் போனால் இன்னும் பயம்.

இதற்கிடையில் அரக்கு வேரிலேயே கை வைக்க முடிவு செய்தார். ஒலி லைப்ரரியை எழுதியது யார்? தேடிப் பார்த்தால், எங்கோ தொலைதூரத்தில் ஒரு தபால்காரர். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, ஓய்வு நேரத்தில் எழுதி, உலகத்துக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"சும்மாவா?" அரக்கு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "காசு வாங்காமயா?"

"ஆமா சார். நிறையப் பேர் அப்படித்தான் எழுதறாங்க."

"நிறையப் பேரா? கூட்டமாவே இருக்காங்களா?"

உள்நோக்கம் என்ன என்று விளக்கம் கேட்டு வாரியம் தபால்காரருக்கு எழுதியது. பதில் உடனே வந்தது. 'ஸ்டாட்டிக் போடாதீர்கள். போட்டால் ஹெட்ஃபோன் வேலை செய்யாது என்று குறிப்பின் ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். எதற்குப் போட்டீர்கள்? மற்றபடி அங்கே எல்லோரும் நலமா?'

அரக்கு 'நலமா' என்ற இடத்தில் சிவப்பில் கோடு போட்டார்.

"நம்ம நலம் இவனுக்கு எதுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பரபரப்பில்தான், பேசும் மெஷின் கேட்ட விண்ணப்பதாரரின் வீட்டு முகவரியும் பிளக்குவின் வீட்டு முகவரியும் ஒன்றே என்பது அவர் கண்ணில் பட்டது. பிளக்கு அதை மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கேட்காததைச் சொல்லாமல் இருப்பதற்கு வாரியத்தில் வேறு பெயர். மறுபடியும் சுவரைப் பார்த்த நாற்காலி. இந்த முறை இயக்குநர் அம்மாவும் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"அந்த அம்மா உங்களுக்கு யாரு?"

"சம்சாரம் சார்."

"எத்தனை நாளா இது நடக்குது?"

"கல்யாணம் ஆனதிலேருந்து சார்."

"அவங்க உங்களைச் சார்ந்தவங்களா?"

பிளக்கு யோசித்தான். சாவி எங்கே, சட்டை எங்கே, இன்றைக்கு என்ன கிழமை என்று அவன்தான் அவளைக் கேட்பான். "உண்மையைச் சொன்னா, நான்தான் சார் அவங்களைச் சார்ந்திருக்கேன்."

"மேடம், கேட்டுக்கங்க. ஒப்புக்கறாரு."

"பாவம், வெளிப்படையாப் பேசறாரேப்பா" என்றார் இயக்குநர் அம்மா.

"அதான் மேடம் சந்தேகமா இருக்கு."

பேசும் மெஷின் வேண்டாம், பதிலாக ஒரு ஆளை வைத்துக் கேள்வியைப் படித்துக் காட்டலாமே என்று பிளக்கு கெஞ்சிப் பார்த்தான். சரி என்றார்கள். படிப்பவர் யாரையும், எதையும் சாராதவராக இருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை. சொந்தபந்தம் இல்லாத, வாரியத்தில் யாரையும் தெரியாத ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரைத் தேடிப் பிடித்தார்கள். எல்லாம் பொருந்தியது. வாசலில் அவர் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டார்கள், அது வெளிச் சார்பு என்று. கண்ணாடி இல்லாமல் அவர் மாதிரிக் கேள்வித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல தாளு" என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்த பிளக்கு ஜன்னல் பக்கமாகப் போய் உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"கீபோர்டு என் கையிலதான் இருக்கு. அந்த வரியை எழுதி, நிறுவிட்டு, தேர்வு முடிஞ்சதும் அழிச்சிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் சுவரைத் தடவிக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"தெரியாதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"எனக்குக் கண்ணு இல்லைங்க. நாளைக்கு நான் ஒரு காகிதத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தா, இவளுக்கு யாரு படிச்சுக் காமிச்சாங்கன்னு எவனாவது கேக்கத்தான் போறான். அப்போ நிமிர்ந்து பதில் சொல்ல எனக்கு அந்த உரிமம் ஒண்ணுதான் இருக்கும். அதையே திருட்டுத்தனமா வாங்கிக் கொடுத்துடாதீங்க."

"அப்போ உரிமமே இல்லாமப் போயிடுமே?"

"போனா மூக்கடைப்பு கூட உக்காந்து பேப்பர் படிக்கிறேன். நீங்க அந்த அரக்கு மாதிரி ஆயிடாதீங்க. வந்ததிலேருந்து ஜன்னலையே பார்த்துட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது."

அவன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

தேர்வுக்கு முந்தைய நாள் குழு கூடி முரண்பாட்டைத் தீர்த்துவிட்டது. இயக்குநர் அம்மா முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"தேர்வு நிரலும் பேசற நிரலும் ஒரே மெஷின்ல இருக்க முடியாது, அவ்ளோதானே? ரெண்டு மெஷின் வைப்போம். ஒண்ணுல தேர்வு நிரல், ஒலியை மூடிட்டு. இன்னொண்ணுல பேசற நிரல், முழு ஸ்டாட்டிக்கா. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். நடுவுல ஒயர் மட்டும் கூடாது."

"மேடம்," என்றான் பிளக்கு, "அந்த மெஷின்ல இருக்கற கேள்வியை இந்த மெஷின் எப்படிப் படிக்கும்?"

"ஏன் படிக்கணும்?"

"அதுக்காகத்தானே மேடம் பேசற மெஷின்?"

"பேசுமில்ல? யாரு பேச வேணாம்னாங்க?" இயக்குநர் அம்மாவுக்கு லேசாகக் கோபம் வந்தது. "நீங்க முரண்பாடு இருக்குன்னீங்க. தீர்த்தாச்சு. இப்போ புதுசா ஒண்ணைக் கிளப்பாதீங்க."

முரண்பாடு உண்மையிலேயே தீர்ந்துதான் போயிருந்தது. நிறுவி சிவப்பில் ஒரு வரிகூடக் காட்டவில்லை. ஸ்டாட்டிக்காக நின்ற ஒலி லைப்ரரிக்கு ஹெட்ஃபோன் தெரியவில்லை, பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் மட்டும் தெரிந்தது. அந்த மெஷினில் பேசுவதற்கு என்று இருந்தது ஒரே ஒரு கோப்பு. தற்சார்பு மெஷின் ஒவ்வொன்றும் தற்சார்பு ஆணையின் பிரதியைத் தன்னகத்தே கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. அதன்படி அரக்கே வந்து பார்வையிட்டு ஏற்றி வைத்த கோப்பு.

தேர்வன்று அவளுக்குத் தனி அறை. உறவினன் என்பதால் பிளக்கு தாழ்வாரத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு கண்காணிப்பாளர் அம்மாள். மேசையில் இரண்டு மெஷின்கள், மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் சண்டை போட்டுக்கொண்டதுபோல் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தன.

மணி அடித்தது. ஒரு மெஷின் கேள்வியைத் திரையில் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது. மற்றது தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்க ஆரம்பித்தது. 'யாதொரு நிரலும் பிறிதொரு நிரலின்பால் அமைந்த எக்கூறினையும் அவாவாது...'

"அம்மா," என்றாள் அவள். "இதுதான் நான் மொழிபெயர்க்க வேண்டிய பகுதியா?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. சொன்னா உங்ககூடப் பகிர்ந்துகிட்டதா ஆயிடும்."

"இது இல்லைன்னாவது சொல்லலாமா?"

"அதுவும் பகிர்வுதான்."

"அந்த இன்னொரு மெஷின் திரையில வேற ஏதாவது தெரியுதா?"

"நான் இந்தப் பக்கம் பார்த்து உக்காரணும்னு சொல்லியிருக்காங்கம்மா. எனக்கும் சுவர்தான் தெரியுது."

தாழ்வாரத்தில் பிளக்கு கோட்டின் விளிம்பு வரை வந்து நின்றான். கத்திச் சொல்லலாமா? கோட்டைத் தாண்டலாமா? தாண்டினால் தேர்வே ரத்து. அவள் எழுந்து வெளியே வந்துவிடுவாள் என்று நினைத்தான். உள்ளே மெஷின் ஆணையை முழங்கி முடித்தது. அப்புறம் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சத்தம் கேட்டது. நீதிமன்றத்தில் வேலை பார்த்த விரல்களின் சத்தம், மழை பிடித்த மாதிரி, ஒரே சீராக.

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்குக் கேள்வித்தாள் தருவதில்லை. அது வேறு பிரிவின் சொத்து, கேட்டால் சார்பு. விடையை மட்டும் வைத்து, அது சொந்தக் காலில் நிற்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அவள் விடை நின்றது. 'மொழிபெயர்ப்பு என்றே தெரியவில்லை. படிக்கிறவனை நேரே பார்த்துத் திட்டுவதுபோல் இருக்கிறது' என்று குறிப்பெழுதித் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

உரிமத்தில் கையெழுத்துப் போடுவதற்காக விடை இயக்குநர் அம்மாவின் மேசைக்கு வந்தது. அடுத்த அரைமணியில் பிளக்குவையும் அவன் மனைவியையும் அள்ளிக்கொண்டு வரச் சொல்லி ஆள் போயிற்று.

குழுவினர் முன்னால் இயக்குநர் அம்மா காகிதத்தைக் கையில் எடுத்தார். உரக்கப் படித்தார். "'எவனும் எவன்கிட்டயும் எதையும் கேக்கக் கூடாது. உனக்கு என்ன வேணுமோ அதை நீயே சுமந்துக்கோ. நீ நல்லவன்னு நீயே சொல்லிக்கோ, வேற யாரும் சொல்லமாட்டாங்க. எல்லாரையும் சந்தேகப்படறதுதான் எங்க காவல். எங்களை நீ சந்தேகப்பட்டா உள்ள தள்ளிடுவோம். இதைச் செய்யற எங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது.' என்னம்மா இது?"

"உங்க ஆணைங்க மேடம்."

"இதுவா நான் கையெழுத்துப் போட்டது?"

"ரகசியம் வெளியில போயிருக்கு மேடம்!" என்று பாய்ந்தார் அரக்கு. "ஆணை இவங்க கைக்கு எப்படிப் போச்சு?"

"நீங்க ஏத்தி வச்ச மெஷின்தான் சார் படிச்சுது" என்றாள் அவள். "நல்ல உரத்த குரல். தாழ்வாரம் வரைக்கும் கேட்டுதாம்."

பாய்ந்த அரக்கு மெல்ல உட்கார்ந்தார். இயக்குநர் அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"அதை விடுங்க. மூலத்துல நிஜமாவே இப்படித்தான் இருக்கா?"

அரக்கு கணக்குப் பிரிவுத் தலைவரைப் பார்த்தார். அவர் கேள்வித்தாள் பிரிவுத் தலைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கூரையைப் பார்த்தார். ஆணையைப் பழைய ஆணைகளிலிருந்து வெட்டி ஒட்டித்தான் தயாரித்திருந்தார்கள். அலுவல் மொழி மற்றவருக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாரியத்தில் மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

"மொழிபெயர்ப்புல தப்பு இருக்கும் மேடம்" என்றார் அரக்கு. "கண்டிப்பா இருக்கும். சரிபார்த்துட்டு உரிமத்தை நிறுத்தி வச்சிடலாம்."

"யாரு சரிபார்க்கறது?"

"உரிமம் உள்ள மொழிபெயர்ப்பாளர்தான் சரிபார்க்கணும். விதி."

"கூப்பிடுங்க."

"பழைய ஆளுங்களை எல்லாம் நீக்கியாச்சே மேடம். ரெண்டு பக்கமும் என்ன பேசறாங்கன்னு தெரிஞ்சவன் ஆபத்தானவன்னு நான்தான் எழுதினேன். நீங்கதான்..."

"நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"ஆமா மேடம்."

"அப்போ இப்போ உரிமத்துக்குத் தகுதியான ஆளு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். விடையைச் சரிபார்க்காமல் அவளுக்கு உரிமம் தர முடியாது. அவளுக்கு உரிமம் தராமல் விடையைச் சரிபார்க்க முடியாது. அறையில் ஒவ்வொருவராக இதைப் புரிந்துகொண்டு ஒவ்வொருவராக வியர்த்தார்கள். நிறுவி இருந்திருந்தால் சிவப்பில் கத்தியிருக்கும்.

"மெஷின்ல இந்த மாதிரி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று இயக்குநர் அம்மா பிளக்குவைக் கேட்டார். கேட்ட பிறகுதான், கேட்பது சார்பு என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

பிளக்குவுக்கு இது ஏதோ பொறி என்று பட்டது. சுவரைப் பார்த்தே பதில் சொன்னான். "அதுக்கு இதுவும் இதுக்கு அதுவும் வேணும்னு வட்டமா சுத்தினா, ஏதாவது ஒண்ணை முதல்ல சரிபார்க்காமயே ஏத்திடுவோம் மேடம். அது உள்ள வந்ததும் மத்ததைச் சரிபார்த்துக்கும். வேற வழி கிடையாது."

"சரிபார்க்காமயேன்னா... நம்பியா?" என்றார் அரக்கு. அந்த வார்த்தையைச் சொல்லும்போது கெட்ட வார்த்தை சொன்னதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொஞ்ச நேரத்துக்கு மட்டும் சார்."

இயக்குநர் அம்மா வெகுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு உரிமத்தில் கையெழுத்துப் போட்டு, அது மேசையிலிருந்து ஓடிவிடுமோ என்பதுபோல் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் கையில் வைத்தார். அவள் விரல்களால் ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். முத்திரை இருந்த இடம் வந்ததும் விரல் நின்றது.

"இது செல்லும்தானே மேடம்? விடையில தப்பு இருந்தாத்தான் ரத்து?"

"ஆமா. தப்பு இருந்தாத்தான்."

தேர்வறையில் பேசிய மெஷினைக் கொண்டுவந்து மூல ஆணையை மறுபடி முழங்க வைத்தார்கள். இயக்குநர் அம்மா மொழிபெயர்ப்பை வரி வரியாகப் படித்தார். அவள் தலையைச் சாய்த்து இரண்டையும் கேட்டாள். அவசரமே படவில்லை. இரண்டு இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள். அரக்கு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மெஷின் ஓய்ந்தது.

"சொல்லும்மா," என்றார் இயக்குநர் அம்மா. "தப்பு இருக்கா?"

"இருக்கு மேடம்," என்றாள் அவள், உரிமத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே. "மொழிபெயர்ப்புல இல்லை."